கோழை, பேடி, பயந்தாங்கொள்ளி: எந்த இடத்தில் எந்தச் சொல்?

பிழைதிருத்தி:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிற்றிதழுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். இப்போது கையில் இருக்கும் சிறுகதையில் ஒரு சிக்கல். கடைத்தெருவில் நடந்த வெட்டுக்குத்தை நேரில் பார்த்த ஒருவன், போலீஸ் வந்து கேட்கும்போது "நான் அந்தப் பக்கமே போகலைங்க" என்று சொல்லிவிடுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் எழுதியவர் அவனை ஓர் இடத்தில் 'பயந்த சுபாவம் உள்ளவன்' என்கிறார். இரண்டு பத்தி தள்ளி 'தொடைநடுங்கி'. அப்புறம் 'கோழை'. கடைசிப் பக்கத்தில் 'பேடி'. கேட்டால், எல்லாம் ஒரே பொருள்தானே, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம் என்று மாற்றினேன் என்கிறார்.

எனக்கு இவை ஒரே பொருளாகப் படவில்லை. பயந்த சுபாவம் என்பது ஒருவன் இயல்பு. தொடைநடுங்கி கேலி. கோழை என்பதோ தீர்ப்பு, அதைச் சொன்ன பிறகு அந்த ஆளிடம் பேச ஒன்றும் மிச்சமில்லை. பேடி பற்றி எனக்கே தயக்கம் இருக்கிறது. உங்கள் பேச்சில், எழுத்தில் இவற்றை எப்படிப் புழங்குகிறீர்கள்? அகராதிப் பொருள் மட்டும் வேண்டாம், எங்கே எதைச் சொல்வீர்கள் என்று சொல்லுங்கள்.

ஆடாதோடை:
முதலில் கோழை. சித்த மருத்துவம் படித்தவனுக்கு இந்தச் சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது சளிதான். நெஞ்சில் கட்டியிருக்கும் கபம். கோழைக்கட்டு என்போம், அதை வெளியேற்றும் மருந்தைக் கோழையகற்றி என்போம். என் பெயரில் இருக்கிற ஆடாதோடை அந்த வகை, தூதுவளையும் கண்டங்கத்திரியும் அப்படியே.

இந்தப் பொருள் பழையது. திருவைகாவூர்ப் பதிகத்தில் சம்பந்தர் 'கோழை மிடறாக கவி கோளும் இலவாக' என்று தொடங்குகிறார். தொண்டையில் சளி கட்டியிருந்தாலும், பாட்டின் பொருள் பிடிபடாவிட்டாலும், எளிய அடியார் தங்களால் இயன்றபடி பாடுவதை ஈசன் மகிழ்ந்து கேட்பான் என்கிறார். அந்தக் கோழையில் பழிச்சொல்லே இல்லை. குரல் எழும்பாத தொண்டை, அவ்வளவுதான். நோயாளியிடம் "கோழை இருக்கா?" என்று கேட்டால் இன்றைக்கும் கிராமத்துப் பெரியவர்கள் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள். இளையவர்கள்தான் முறைக்கிறார்கள்.

கொள்ளிடக்கரை:
அப்படியானால் சளி கட்டிக் குரல் எழும்பாதவன், அதிலிருந்து வாய் திறக்கப் பயப்படுகிறவன் என்று பொருள் வளர்ந்திருக்குமோ?

ஆடாதோடை:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பொருளும் அகராதியில் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று ஆகிவிடாது. சான்று கையில் இல்லாமல் இதைப் பரப்ப வேண்டாம் என்பேன். நாளைக்கே வாட்ஸாப்பில் 'தமிழன் அன்றே சொன்னான்' என்று சுற்ற ஆரம்பித்துவிடும்.

குறள்வாசகர்:
பிழைதிருத்தி கேட்ட கேள்விக்குப் பழைய நூல்கள் நல்ல வழி காட்டுகின்றன. தொல்காப்பியம் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைக்கிறது. நகை, அழுகை, உவகை வரிசையில் அதுவும் ஒன்று. எதனால் அச்சம் வரும் என்றும் சொல்கிறது: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' தெய்வம், விலங்கு, கள்வர், ஆள்பவர். இந்த நான்கையும் கண்டு பயப்படுகிறவனை அது இழிவாக எங்கேயும் பேசவில்லை. மனிதனுக்கு வருவது வருகிறது என்று பட்டியல் போட்டுவிட்டுப் போகிறது. உங்கள் கதையில் அவன் பயந்தது யாருக்கு? அரிவாள்காரனுக்கும் போலீஸுக்கும். கள்வரும் இறையும்!

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 'அஞ்சுவது அஞ்சாமை பேதைமை அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்.' பயப்பட வேண்டியதற்குப் பயப்படாதவன் முட்டாள் என்று நேராகவே சொல்லிவிட்டார். ஆகவே பயம் வேறு, கோழைத்தனம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிய எழுத்தாளர் பக்கம் நான் நிற்க மாட்டேன்.

புறநானூற்று மாணவி:
குறள்வாசகர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சங்கப் பாட்டில் பயந்தவனைத் திட்டும் இடத்தில் பெயர்ச்சொல்லைவிட வினைதான் முன்னால் நிற்கிறது. புறநானூறு 278ஆம் பாட்டில், காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது, மகன் போரில் புறங்கொடுத்தான் என்று ஊரார் சொல்லக் கேட்ட முதிய தாய் என்ன சொல்கிறாள்? 'மண்டமர்க்கு உடைந்தனன் ஆயின்.' கடும் போரில் அவன் உடைந்தது உண்மையானால், அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு போகிறாள். அவ்வளவு ஆத்திரத்திலும் 'ஆயின்' என்ற அந்த ஒரு சொல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. போய்ப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. களத்தில் பிணங்களைப் புரட்டிப் பார்த்து, சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, ஈன்ற பொழுதைவிட மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிகிறது. ஊர் சொன்னது பொய்.

இன்னொன்று. வெண்ணிப் போரில் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு முதுகில் புண். கழாத்தலையார் பாட்டில், எதிரி அவன் மார்பைக் குறித்துத்தான் எறிந்தான் என்று வருகிறது. மார்பில் பாய்ந்தது முதுகிலும் புண் செய்துவிட்டது. ஓடவே இல்லாதவன், முதுகில் வடு இருக்கிறதே என்று நாணி வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிரை விட்டான். இந்த இடத்தில் எனக்கு அந்தக் காலத்து மறத்தின் மேல் கோபம்தான் வருகிறது. பிறர் தன்னைக் கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் ஆளைக் கொல்லும்.

கொள்ளிடக்கரை:
அதே மரபில்தான் தழிஞ்சி என்று ஒரு துறையும், போர்ப்பாட்டு வகையும், இருக்கிறது, தங்கை. புறப்பொருள் வெண்பாமாலையில் பாருங்கள்: தோற்று ஓடுகிறவன் முதுகில் வாள் ஓச்சாததை 'கழி தறுகண்மை' என்கிறது, மிகுந்த வீரம் என்று. ஓடுகிறவனை விட்டுவிடத் தெரிந்தவர்கள்தான் அவர்களும்.

புறநானூற்று மாணவி:
ஆமாம் அண்ணா, அதை மறந்து பேசக் கூடாது. நன்றி.

சோழவந்தான் சுந்தரி:
இவ்வளவு பேரும் பேடியைத் தொடாமல் சுற்றி வருகிறீர்கள், அதனால் நானே சொல்கிறேன். நான் திருநங்கை. பள்ளியில், பேருந்தில், ரேஷன் கடை வரிசையில் இந்தச் சொல்லையும் இதைவிடக் கொச்சையான அதன் உறவுச் சொற்களையும் என் மேல் எறிந்திருக்கிறார்கள். பயந்தவனைப் பேடி என்று திட்டும்போது இரண்டு பேரைத் திட்டுகிறீர்கள். எதிரில் நிற்கிற அவனையும், அங்கே இல்லாத எங்களையும்.

பழைய நூலில் இருக்கிறதே என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். இருக்கட்டும், பழைய நூலையே முழுசாகப் படிப்போம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்று பேடு. 'ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய' கூத்து. மணிமேகலையில் 'விராடன் பேரூர் விசயனாம் பேடி' என்று வருகிறது. விராட நகரத்தில் மறைந்து வாழ்ந்த அருச்சுனன்! அவனைப் பார்க்கக் கூட்டம் மொய்த்ததாம். காண்டீபம் ஏந்தியவன் பேடியாக இருந்தான், அதனால் அவன் வீரம் எங்கே குறைந்தது? காவல்துறைப் பணிக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினி உயர்நீதிமன்றம் வரை போய் 2015இல் உரிமையை வாங்கி, 2017இல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். அந்தப் படிக்கட்டில் ஏறப் பயப்படுகிறவர்கள் எத்தனை பேர் எங்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்!

குறள்வாசகர்:
அம்மா, நீங்கள் சொல்வதில் நியாயம் முழுவதும் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. 'பகையகத்துப் பேடிகை ஒள்வாள்' என்று அவையஞ்சாமை அதிகாரத்தில் இருக்கிறது. 'பேடிகை வாளாண்மை போலக் கெடும்' என்று ஆள்வினையுடைமையில் இருக்கிறது. இவற்றை எப்படிக் கற்பிப்பது? மூலத்தை மாற்ற முடியாதே.

சோழவந்தான் சுந்தரி:
மாற்றச் சொல்லவில்லை ஐயா. வகுப்பில் சொல்லும்போது, அந்தக் காலத்தில் போர் ஆணுக்கே உரியது என்று எண்ணியதால் இந்த உவமை வந்தது, இன்றைக்கு இந்தச் சொல்லால் யாரையும் அழைக்கக் கூடாது என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரியை என் தமிழாசிரியர் சொல்லியிருந்தால், அந்தக் குறள் நடத்திய நாளில் வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்திருக்காது.

2026இல் எழுதப்படும் சிறுகதைக்கு அந்தச் சொல் எதற்கு? பாத்திரம் வாயில் வந்தால் அது அவன் குணத்தைக் காட்டும், சரி. கதைசொல்லியே சொன்னால் அது எழுத்தாளர் சொல்வது.

மைசூர்த்தமிழன்:
சிறு தகவல். கன்னடத்தில் கோழைக்கு அன்றாடச் சொல்லே 'ஹேடி'தான். நம் பேடியின் உறவு. நம் பகரம் அங்கே ஹகரமாகும், பால் ஹாலு ஆவதுபோல. மலையாளத்தில் 'பேடி' என்றால் வெறும் பயம், 'எனிக்கு பேடியா' என்று குழந்தைகூடச் சொல்லும். ஒரே வேர், மூன்று மொழியில் மூன்று எடை. இங்கே என்னோடு வேலை செய்கிற மலையாளி ஒருவர் பேடி என்று சாதாரணமாகச் சொல்லும்போது முதலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வைகைவளவன்:
பயந்தாங்கொள்ளியா பயந்தாங்குளியா? பல இடத்தில் 'குளி' என்று எழுதுகிறார்கள்.

பிழைதிருத்தி:
கொள்ளி. பயம் கொள்பவன். பாரதி 'பயங்கொள்ளலாகாது பாப்பா' என்றாரே, அந்தக் 'கொள்'தான். குளி என்பது காதில் விழுந்தபடி எழுதுவது. இதிலும் தொடைநடுங்கியிலும் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஊர்சுற்றி, வாயாடி, நாடோடி மாதிரி இகரத்தில் முடிகின்றன. ஆண், பெண் இருவருக்கும் பொது. கோழையும் அப்படியே.

இல்லத்தரசி அல்ல:
இலக்கணத்தில் பொது, வழக்கில் பொது இல்லை. ஒரு பெண்ணைக் கோழை என்று யாராவது திட்டி நான் அதிகம் கேட்டதில்லை. ஏன்? பெண் பயப்பட்டால் அது அவள் அணிகலன். 'அச்சமும் நாணும் மடனும் முந்துறுதல் நிச்சமும் பெண்பாற்கு உரிய' என்று அதே தொல்காப்பியம்தான் சொல்கிறது, பிறகு பயிர்ப்பும் சேர்ந்து நாற்குணம் ஆயிற்று. அணிகலனாக எங்கள் கழுத்தில் மாட்டியதையே ஆண் பயந்தால் அவமானமாக எடுத்து, "போய்ச் சேலை கட்டிக்கோ, வளையல் போட்டுக்கோ" என்கிறார்கள்.

என் அப்பா இருட்டுக்குப் பயப்படுவார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். இரவில் கொல்லைப்புறக் கதவைத் தாழிட அம்மாதான் அரிக்கேன் விளக்கோடு போவார். போகும்போதே "உங்கப்பாவுக்குக் கால் வலி" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார். அந்த வீட்டில் துணிச்சல் யாருக்கு இருந்தது, அதற்கு யார் பெயர் வாங்கினார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். அப்பாவைக் குறை சொல்லவில்லை. பயம் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வழி இருந்திருந்தால், அந்தப் பொய் அம்மாவுக்குத் தேவைப்பட்டிருக்காது.

முன்னாள் ஹவில்தார்:
நல்ல விவாதம். ராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் என் பங்கு. எங்களுக்குக் கோழைத்தனம் வசைச்சொல் மட்டும் இல்லை, சட்டச்சொல். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 34ஆம் பிரிவில், எதிரிக்கு முன்னால் ஆயுதத்தை வெட்கக்கேடாக எறிவது, கோழைத்தனம் வெளிப்படும்படி நடப்பது எல்லாம் வருகின்றன. மரண தண்டனை வரை போகலாம். சொல்லமைப்பைப் பாருங்கள்: கோழையாக 'இருப்பது' குற்றம் இல்லை, கோழைத்தனம் தெரிய 'நடப்பது' குற்றம். பயந்ததற்குத் தண்டனை கிடையாது.

பயப்படாத சிப்பாயை நான் பார்த்ததில்லை. முதல் குண்டு பக்கத்தில் விழுந்தபோது எனக்கு வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த பையன் துப்பாக்கியில் மேகசினை, அதாவது தோட்டா அடைத்த பெட்டியை, மாட்டப் பார்க்கிறான், கை நடுக்கத்தில் அதன் வாயில் சேரவே மாட்டேன் என்கிறது, டக் டக் என்று இரும்பில் இடிக்கிற சத்தம் மட்டும் வருகிறது. எங்கள் சுபேதார் ஒன்றும் சொல்லாமல் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, மாட்டிவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார். அன்று முழுவதும் அந்தப் பையன் இடத்தைவிட்டு அசையவில்லை. தொடைநடுங்கி என்றால் எழுத்துப்படி அன்றைக்கு நாங்கள் எல்லோருமே தொடைநடுங்கிதான். கோழை ஒருவன்கூட இல்லை.

இந்தச் சொல்லை அவசரப்பட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு முதல் உலகப் போர் சாட்சி. போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் தரப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கினார்கள். அவர்களில் பலர் குண்டுவீச்சு அதிர்ச்சியில் மனம் குலைந்தவர்கள். 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இலேயே கட்டுரை எழுதிவிட்டார், அதற்குப் பிறகும் சுட்டார்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரில் அவர்களுக்கு 2001இல் நினைவிடம் எழுப்பினார்கள். அங்கே கண்ணைக் கட்டி நிற்கிற சிலை, 17 வயதில் சுடப்பட்ட ஹெர்பர்ட் பர்டன் என்ற பையனை மனதில் வைத்துச் செதுக்கியது. 17 வயது! நம் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பையன் வயது.

கொள்ளிடக்கரை:
ஹவில்தார் ஐயா, செய்திகளில் 'கோழைத்தனமான தாக்குதல்' என்று வருகிறதே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? சந்தையில் குண்டு வைத்தவனைக் கண்டித்து எல்லாத் தலைவர்களும் இதே தொடரைச் சொல்கிறார்கள். அவன் பயந்து ஓடியவன் இல்லையே.

முன்னாள் ஹவில்தார்:
எதிர்த்து நிற்க முடியாதவர்களைத் தேடிப்போய் அடிப்பது, அடித்துவிட்டு ஒளிவது என்ற பொருளில் சொல்கிறார்கள். அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது போதாத சொல். குழந்தைகள் செத்துக் கிடக்கும்போது கொன்றவனின் துணிச்சலை எடைபோட்டு என்ன ஆகப் போகிறது? கொடூரம், படுபாதகம் என்று நம்மிடம் சொல் இருக்கிறது.

மதுரைச் செவிலி:
நான் ஒரு விஷயத்துக்காக மட்டும் வந்தேன். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களைக் 'கோழை' என்று சொல்லாதீர்கள். அவசரப் பிரிவில் கண் விழிக்கிற ஆளைச் சுற்றி நின்று உறவினர்கள் முதலில் சொல்வதே அதுதான். "இப்படிக் கோழை மாதிரி பண்ணிட்டியே." பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணத்தில் அந்த முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு மருத்துவர் கேட்டாலும் பதில் வராது.

சட்டமே மாறிவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, இப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவருக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. நாளிதழில் இன்னும் 'தற்கொலை கோழைகளின் முடிவு' என்று துணுக்குப் போடுகிறார்கள். அதைப் படிக்கிறவர்களில் ஒருவர் அன்றைக்கு யாரிடமாவது பேசலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பார், இதைப் படித்ததும் வாயை மூடிக்கொள்வார். இந்த இழையைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு பாரம் இருந்தால் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

வைகைவளவன்:
அக்கா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். நானே அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடிய ஆள்.

வழக்குமன்றத் தாழ்வாரம்:
பிழைதிருத்தி சார், உங்கள் கதைக்கே வருகிறேன். சாட்சி சொல்ல மறுத்த ஆள். எங்கள் தொழிலில் இவன் தினசரி ஆள். போலீஸிடம் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னால் பிறழ்சாட்சி என்போம். உங்கள் ஆள் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை, முதலிலேயே விலகிவிட்டான்.

வெளியில் இருப்பவர்களுக்கு அவன் கோழை. தாழ்வாரத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். குற்றம் சாட்டப்பட்டவனின் ஆட்கள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சாட்சியின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று அவன் காதில் விழும்படி அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். போதாதா? வாய்தா மேல் வாய்தா போகும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் அந்த பெஞ்சைக் கடந்து போக வேண்டும். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்சநீதிமன்றம் 2018இல்தான் ஏற்று நாடு முழுவதும் செல்லும்படி ஆக்கியது. அச்சுறுத்தலின் கடுமையைப் பார்த்து மூன்று வகையாகப் பிரித்து, அடையாளத்தை மறைப்பது முதல் வேறு இடத்துக்குக் குடிமாற்றுவது வரை அதில் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாத சாட்சிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அவனைக் கோழை என்று எழுதிவிட்டால், அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் வாசகர் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார்கள். எனக்கு அதில்தான் ஆத்திரம்.

குறள்வாசகர்:
வக்கீல் ஐயா சொல்வது சரி. ஆனாலும் அந்தச் சொல்லையே தள்ளிவைத்துவிட முடியாது. வெட்டுப்பட்டவன் வீட்டார் நிலையிலிருந்து பாருங்கள். பார்த்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் வாய் திறந்தால் நியாயம் கிடைக்கும், அவன் திறக்கவில்லை. அந்த விதவை அவனைக் கோழை என்றால், கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

வழக்குமன்றத் தாழ்வாரம்:
அவருக்கு முழு உரிமை உண்டு. அவர் சொல்லலாம். எந்த பெஞ்சையும் கடக்காத கதைசொல்லி சொல்லக் கூடாது என்கிறேன்.

வாடிவாசல் அருகே:
எங்கள் ஊரில் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிற பையன்கள் இருக்கிறார்கள். உடம்பெல்லாம் தழும்பு. இரண்டு பேர் குடல் சரிந்து தையல் போட்டு அடுத்த வருடமே திரும்பவும் இறங்கியவர்கள். அதே பையன்கள் கிராமசபைக் கூட்டத்தில் பார்க்க வேண்டும். இப்போது வருடத்துக்கு ஆறு கூட்டம், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போடாத சாலைக்குக் கணக்குப் படிக்கிறார்கள், எல்லோருக்கும் அந்தச் சாலை தெரியும், அதில்தான் நடந்து கூட்டத்துக்கு வந்திருக்கிறோம். பதிவேடு வரிசையாகக் கை மாறுகிறது. எல்லோரும் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்து ஆளிடம் நீட்டுகிறார்கள். போன கூட்டத்தில் எழுந்து கேட்டது ஒரே ஒரு ஆள், நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பாட்டி. "எந்த ரோடு ராசா அது? எனக்குக் காட்டு, நானும் ஒரு தடவை நடந்து பாக்குறேன்" என்றார்.

வள்ளுவர் இதையும் சொல்லியிருக்கிறார், குறள்வாசகர் ஐயா சொல்வார் என்று காத்திருந்தேன். 'பகையகத்துச் சாவார் எளியர் அரியர் அவையகத்து அஞ்சா தவர்.' போரில் சாகத் துணிபவர்கள் நிறைய, சபையில் அஞ்சாதவர்கள் அரிது. அந்தப் பையன்களை நான் கோழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் செய்தது கோழைத்தனம், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். எங்களை யாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைச் சொல்லி மிரட்டவில்லை. தலைவர் முகம் சுளிப்பார், அடுத்த முறை ஒரு வேலைக்குப் போய் நின்றால் இழுத்தடிப்பார், அவ்வளவுதான் நஷ்டம். அந்தச் சின்ன நஷ்டத்துக்குப் பயந்து பாட்டியைத் தனியாக நிற்கவிட்டோம்.

இல்லத்தரசி அல்ல:
அந்தப் பாட்டிக்கு என் வணக்கம். 'அச்சம் மடம் நாணம்' எல்லாம் அவரிடம் யாரும் சொல்லவில்லை போல!

பிழைதிருத்தி:
எல்லோருக்கும் நன்றி. வாடிவாசல் நண்பர் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுசாகத் தெளிந்தது. சாட்சிக்காரனுக்கும் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் நடுவில் உள்ள தூரம் இருக்கிறதே, அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் பயம் உண்டு, இரண்டு இடத்திலும் வாய் மூடியிருக்கிறது. ஆனால் ஒருவன் பிள்ளையைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது, மற்றவர்கள் ஒரு முகச்சுளிப்பைத் தாங்கினால் போதுமாக இருந்தது. தாங்கக் கூடிய பயத்துக்காக அடுத்தவரைக் கைவிடும்போதுதான் எனக்கு அந்தச் சொல் வாயில் வரும். அதுவும் நண்பர் சொன்ன மாதிரி, செயலுக்கு.

எழுத்தாளருக்கு இப்படிக் குறிப்பு எழுதுகிறேன். 'பயந்த சுபாவம்' இருக்கட்டும். 'தொடைநடுங்கி'யைக் கதைசொல்லியிடமிருந்து எடுத்து டீக்கடைக்காரர் வாயில் வைக்கலாம், அவர் ஏற்கனவே அவனைக் கேலி செய்கிறவர்தான். 'பேடி'யை எடுத்துவிட வேண்டும், இதில் சுந்தரி அம்மா எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்புகிறேன், அவர் அனுமதித்தால். 'கோழை'யைக் கதைசொல்லி சொல்லக் கூடாது. வெட்டுப்பட்டவரின் மனைவி சொல்லலாம்.

சோழவந்தான் சுந்தரி:
தாராளமாக அனுப்புங்கள். அவர் ஏதாவது கேட்க விரும்பினால் இங்கேயே வரச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.

முன்னாள் ஹவில்தார்:
ஒன்று மட்டும். அந்த ஆள் இரவில் தூங்காமல் படுத்திருக்கும்போது தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று கதையில் வருகிறதா?

பிழைதிருத்தி:
வருகிறது ஐயா. 'நான் ஒரு கோழை' என்று அவனே சொல்லிக்கொள்கிறான். அதையும் எடுக்கலாமா என்று யோசித்தேன்.

முன்னாள் ஹவில்தார்:
அதை எடுக்காதீர்கள். சண்டையில் செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டு வந்தவனும் ராத்திரியில் அதைத்தான் நினைப்பான். ஊர் சொல்வது வேறு.

வழக்குமன்றத் தாழ்வாரம்:
எனக்கும் அதுவே சரி. அப்புறம் சார், எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே எப்படி உட்காருவார்கள், என்ன பேசுவார்கள் என்று தெரிய வேண்டுமானால் எழுத்தாளரை ஒரு நாள் எங்கள் பக்கம் வரச் சொல்லுங்கள். வாய்தா நாளாகப் பார்த்து வரட்டும்.